துணைவேந்தருக்கும் எங்க ஊருக்கும் என்ன சம்பந்தம்? பல்கலைக்கழக விரிவாக்கப் பணி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) வேலை பார்ப்பவர்களைத் தேடி மூன்று பக்கமிருந்து கேள்வி வரும்: முகாம் நடக்கும் ஊரிலிருந்து, மாணவர்களின் வீட்டிலிருந்து, பல்கலைக்கழகத்துக்குள்ளிருந்தே. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களை மனதில் வைத்து எழுதியவை. மற்றவை பற்றிப் பேசும் இடத்தில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

துணைவேந்தர்னா யாரு? வேந்தர்னு இன்னொருத்தர் வேற இருக்காரே, இதுல பெரியவர் யாரு?

பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர்தான் வேந்தர். பட்டமளிப்பு விழாவில் நடு நாற்காலி அவருடையது. உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தர். வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வேளாண்மை அமைச்சர். அன்றாட நிர்வாகம் துணைவேந்தர் கையில். பதவிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டு. இந்த மூன்றாண்டுக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

கல்லூரி முதல்வரையும் துணைவேந்தரையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். உங்கள் ஊருக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியைச் சேர்ந்தவர்கள். அவர்களை அனுப்புபவர் முதல்வர். அந்த வேலைக்கு மதிப்பெண் உண்டா, எத்தனை மணி நேரம், பல்கலைக்கழக அளவில் யார் பொறுப்பு என்பதெல்லாம் துணைவேந்தர் தலைமை வகிக்கும் குழுக்களில் முடிவாகும். தன்னாட்சிக் கல்லூரிகள் மட்டும் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும்.

விரிவாக்கப் பணின்னா என்.எஸ்.எஸ். கேம்ப்தானே?

பல்கலைக்கழகத்தின் படிப்பையும் ஆட்களையும் வளாகத்துக்கு வெளியே மக்களுக்குப் பயன்படுத்துவதுதான் விரிவாக்கப் பணி. கேம்ப் அதில் ஒரு பகுதி. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பகுதி என்பதால் அதுவே முழுசும் என்று தோன்றுகிறது. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். இடையில் ஏழு நாள் சிறப்பு முகாம். ஊர்க்காரர்கள் பார்ப்பது இந்த ஏழு நாளைத்தான்.

இதற்கு வெளியே நிறைய இருக்கிறது. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் உழவர் பயிற்சி மையம், சட்டக் கல்லூரியின் இலவசச் சட்ட உதவி, வேதியியல் துறை செய்துதரும் தண்ணீர்ப் பரிசோதனை, சமுதாய வானொலி, வயதுவந்தோர் கல்வித் துறை, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தைத் திறந்துவிடுவது எல்லாமே இதில் அடங்கும். கற்பித்தல், ஆராய்ச்சி இரண்டுக்கும் சமமான மூன்றாவது கடமை விரிவாக்கம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977-லேயே எழுதிவைத்துவிட்டது. முதல் இரண்டுக்கும் கிடைக்கும் ஆளும் பணமும் மூன்றாவதுக்கு இன்றுவரை கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

இதுல துணைவேந்தர் செய்ய என்ன இருக்கு? வந்து குத்துவிளக்கு ஏத்திட்டுப் போறதைத் தவிர?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். விளக்கேற்றுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். துணைவேந்தர் மட்டுமே செய்யக்கூடியவை கோப்பில் இருக்கின்றன.

முதலாவது நேரம். வாரத்துக்கு ஐந்து நாளும் வகுப்பு, உள்மதிப்பீட்டுத் தேர்வு, செய்முறை என்று கால அட்டவணை நெருக்கிக்கொண்டு நின்றால் மாணவர் ஊருக்குப் போவது எப்போது? கல்வியாண்டு நாட்காட்டியில் களப்பணிக்கு நாள் ஒதுக்கித் தேர்வை அதற்கேற்ப நகர்த்தும் அதிகாரம் கல்லூரி முதல்வருக்குக் கிடையாது. இரண்டாவது மதிப்பெண். பாடத்திட்டக் குழுவும் கல்விப் பேரவையும் ஒப்புக்கொண்டால்தான் களப்பணி ஒரு தாளாகும். கல்விப் பேரவைக்குத் தலைவர் துணைவேந்தர். மூன்றாவது ஆள். விரிவாக்கத்துக்கு ஓர் இயக்குநர் வேண்டுமா, இல்லை ஏற்கெனவே நாலு பொறுப்பு சுமக்கும் பேராசிரியர் தலையில் ஐந்தாவதாக இதையும் ஏற்றுவதா என்பது அவர் முடிவு. நான்காவது பணம். ஆட்சிக்குழு என்கிற சிண்டிகேட்டில் வரவுசெலவுத் திட்டம் வரும்போது விரிவாக்கத்துக்கென்று தனிக் கணக்குத் தலைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் அவர்தான்.

இது போக, பல்கலைக்கழக அளவிலான நாட்டு நலப்பணித் திட்ட ஆலோசனைக் குழுவுக்கும் அவரே தலைவர். அந்தக் குழு ஒழுங்காகக் கூடுகிறதா என்று கேளுங்கள். பதில் இழுத்தால், மற்ற நான்கும் எப்படி இருக்கும் என்று ஊகித்துவிடலாம்.

வேளாண் பல்கலைக்கழகம் மட்டும் இதுல முன்னால நிக்குதே, அது எப்படி?

ஆள் நல்லவர், மனசு பெரிசு என்பதெல்லாம் காரணமில்லை. அமைப்பே அப்படி. அமெரிக்காவில் 1862-இல் வந்த நிலக்கொடைச் சட்டம், மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து உழவுக்கும் தொழிலுக்கும் கல்லூரி கட்டச் சொன்னது. கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் முறை அங்கே வளர்ந்தது. அந்த மாதிரியில்தான் 1960-இல் பந்த்நகரில் இந்தியாவின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் வந்தது. 1868-இல் சைதாப்பேட்டையில் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோயம்புத்தூருக்குப் போன நம் வேளாண் கல்லூரி 1971-இல் பல்கலைக்கழகமானபோதும் இதே அமைப்புதான்.

விளைவு என்ன? அங்கே விரிவாக்கக் கல்வி இயக்குநர் என்று முழுநேரப் பதவியே உண்டு. துணைவேந்தர் மாறினாலும் அந்த நாற்காலி காலியாவதில்லை. உழவர்களுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. நாட்டின் முதல் நிலையமே கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியதுதான். அவற்றுக்குப் பணம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து வருகிறது. இளநிலை வேளாண்மை மாணவர்கள் கடைசி ஆண்டில் ஊரில் தங்கி உழவர்களோடு வேலை செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் பட்டம் கிடையாது. மேலே சொன்ன நேரம், மதிப்பெண், ஆள், பணம் நான்கும் அங்கே எழுத்தில் இருப்பதைக் கவனியுங்கள்.

அது விவசாயப் படிப்பு. பி.ஏ. வரலாறு, பி.எஸ்சி. கணிதம் படிக்கிறவங்க ஊருக்குப் போய் என்ன செய்வாங்க?

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் காந்திகிராமத்தைப் பாருங்கள். டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய நிறுவனம். 1956-இல் கிராமியக் கல்வி நிலையம், 1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். எந்தத் துறையில் படித்தாலும் கிராமத்தில் தங்கிப் பழகுவது அங்கே படிப்போடு சேர்ந்தது. கல்லூரி அளவில் திருச்சி தூய வளனார் கல்லூரியில் விரிவாக்கத்துக்கென்றே இருக்கும் செப்பர்டு துறை இளநிலை மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி அதைக் கிரெடிட்டாகவே (பட்டத்துக்குச் சேரும் மதிப்பு அலகு) கணக்கிடுகிறது. மதுரை லேடி டோக் கல்லூரி, பாடத்தையே ஊர்வேலையோடு இணைத்துச் சொல்லித்தரும் முறையைப் பல ஆண்டாக நடத்துகிறது.

கணித மாணவருக்கு என்ன வேலை என்பதற்கு வருகிறேன். ஊராட்சியின் வரவுசெலவை ஊர்மக்களுக்குப் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் எழுதித் தரட்டும். மகளிர் குழுக் கடனுக்கு உண்மையான வட்டி எவ்வளவு என்று போட்டுக்காட்டட்டும். வரலாற்று மாணவருக்கு ஊரின் ஏரி, மதகு, கோயில் கல்வெட்டு, ஜமீன் காலத்துப் பத்திரம் என்று எத்தனையோ இருக்கிறது. எல்லாத் துறை மாணவர் கையிலும் துடைப்பத்தைக் கொடுத்துத் தெருக் கூட்டச் சொல்வதுதான் நம் முகாம்களின் பெரிய சோம்பேறித்தனம். கூட்டுவது தப்பில்லை, ஊர்க்காரர்கள் அதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள், அவ்வளவுதான்.

எங்க ஊரைத் தத்தெடுத்திருக்கோம்னு போர்டு வெச்சிருக்காங்க. தத்தெடுத்தா எங்களுக்கு என்ன கிடைக்கும்?

பெரும்பாலும் அது உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் வைத்த பலகையாக இருக்கும். ஒன்றிய அரசு 2014 நவம்பர் 11 அன்று தொடங்கியது. தேசிய அளவில் தில்லி ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கிறது. சேரும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் குறைந்தது ஐந்து கிராமங்களோடு வேலை செய்ய வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்திலும் கிராமத்தைத் தத்தெடுக்கும் வழக்கம் உண்டு.

தத்தெடுத்ததால் ஊராட்சிக்குப் பணம் வராது, சாலை வராது. அப்படி யாராவது சொல்லியிருந்தால் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். கிடைக்கக்கூடியது ஆட்களின் நேரமும் படிப்பும்: அளவெடுப்பு, பரிசோதனை, திட்ட வரைவு, அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்க உதவி, பிள்ளைகளுக்கு வழிகாட்டல். எந்தத் துறையிலிருந்து யார், எந்த மாதத்தில், எதற்காக வருவார் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர முடியாத தத்தெடுப்பு பலகையோடு நின்றுவிடும்.

வருஷா வருஷம் வந்து வீடு வீடா கணக்கெடுக்கிறாங்க. கக்கூஸ் இருக்கா, கேஸ் இருக்கான்னு. அப்புறம் ஆளையே காணோம். இதுக்கு ஒரு முடிவு உண்டா?

உண்டு, அது துணைவேந்தரின் ஒரே ஒரு சுற்றறிக்கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எந்த ஊரில் கணக்கெடுத்தாலும் அடுத்து வரும் கிராம சபையில் மாணவர்களே நின்று முடிவை வாசிக்க வேண்டும், கிராம சபைப் பதிவேட்டில் அது ஏறிய நகல் இல்லாமல் எந்த ஆய்வறிக்கையும் ஏற்கப்படாது என்று உத்தரவு போட்டால் போதும். செலவு ஏதும் இல்லை. தேவையற்ற கணக்கெடுப்புகள் பாதி அங்கேயே நின்றுவிடும். கூட்டத்தின் முன்னால் வாசித்தாக வேண்டும் என்றால் எதைக் கேட்பது என்று யோசித்துத்தானே படிவம் தயாரிப்பார்கள்!

அந்த உத்தரவு வரும்வரை நீங்களும் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். போன வருடக் கணக்கைக் காட்டினால்தான் இந்த வருடக் கணக்கு என்று சொல்லுங்கள். மரியாதையாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதுக்கெல்லாம் பணம் எங்கேயிருந்து வருது?

நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஒன்றிய அரசின் இளைஞர் நலத் துறையிலிருந்து. வருவது சிறு தொகை, அதுவும் பெரும்பாலும் தாமதமாக; கல்லூரியில் இத்திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியரான திட்ட அலுவலர், முகாமைத் தன் கைக்காசில் நடத்திவிட்டுக் காத்திருப்பது ஊரறிந்த கதை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொரு வழி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து பேசுவது துணைவேந்தர் வேலை. உதவிப் பேராசிரியர் போனால் வரவேற்பறையைத் தாண்ட முடியாது.

மூன்றாவது வழி பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம். இங்கேதான் சிக்கல். மாநிலப் பல்கலைக்கழகக் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. கணக்குத் தலைப்பு இல்லாமல் ஊருக்குப் போக வேன் வாடகை கொடுத்தால் தணிக்கைத் தடை, அதாவது இந்தச் செலவு செல்லாது என்ற ஆட்சேபம் விழும். கொடுத்தவர் ஓய்வு பெறும் நாளில் அது முன்னால் வந்து நிற்கும். இதற்குப் பயந்தே பலர் ஒதுங்குகிறார்கள். தனித் தலைப்பு ஏன் வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

சார், நான் உதவிப் பேராசிரியர். இதுல இறங்கினா என் பதவி உயர்வுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

நேராகச் சொன்னால், கொஞ்சம். மானியக் குழுவின் 2018 விதிமுறையில் மாணவர் சார்ந்த செயல்பாடுகள் என்ற பட்டியலில் நாட்டு நலப்பணித் திட்டமும் சமூகப் பணியும் இருக்கின்றன. அதைக் காட்டி அந்த இனத்தை நிரப்பலாம். ஆனால் ஆய்வுக் கட்டுரைக்கு எண்ணாக மதிப்பெண் உண்டு, ஊர்வேலைக்கு அப்படி இல்லை. ஒரு கிராமத்தில் நான்கு வருடம் உழைத்தவரும் ஒரு முறை கேம்ப் போனவரும் தாளில் ஒன்றுதான்.

விதியைத் துணைவேந்தர் மாற்ற முடியாது. அவர் செய்யக்கூடியவை வேறு: களப்பணிக்குப் போகும் ஆசிரியரின் வகுப்புச் சுமையைக் குறைப்பது, போகும் நாளைப் பணிநாளாகக் கணக்கிடுவது, ஊர்வேலையிலிருந்தே ஆய்வுத் தலைப்பு எடுக்கும் முனைவர் பட்ட மாணவருக்கு முன்னுரிமை தருவது. கௌரவ விரிவுரையாளர்கள் நிலை இன்னும் மோசம். பதவி உயர்வு என்ற பேச்சே அவர்களுக்கு இல்லை. ஆனால் பல கல்லூரிகளில் கேம்ப் வேலை முழுக்க அவர்கள் தலையில்தான் விழுகிறது. இதை எழுதுவதற்குக்கூட சங்கடமாக இருக்கிறது.

பசங்களுக்கு மார்க் உண்டா? எல்லாருக்கும் கட்டாயமாக்கிட்டா என்ன?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்தின் பகுதி ஐந்து விரிவாக்கச் செயல்பாட்டுக்கானது: 140 கிரெடிட்டில் ஒன்று. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு எதில் இருந்தாலும் அந்த ஒன்று கிடைத்துவிடும். இது போக, சமூக ஈடுபாட்டுக்கென்றே 2 கிரெடிட், 30 மணி நேரப் பாடம் ஒன்றை மானியக் குழு பரிந்துரைத்திருக்கிறது. அதில் பாதியாவது களத்தில் இருக்க வேண்டும்.

கட்டாயமாக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆயிரம் மாணவர்களை ஊருக்கு அனுப்ப ஆணை போடுவது சுலபம். அவர்களைக் கூட்டிப்போக ஆளும், உட்கார வைத்துப் பேச ஊரும் வேண்டும். இல்லாவிட்டால் இருபது பேர் போய் வந்து ஆயிரம் பேருக்கு அறிக்கை எழுதுவார்கள். துறை துறையாக, ஆள் பலம் இருக்கும் இடத்தில் தொடங்குவதே உருப்படும்.

என் பொண்ணு கேம்ப் போகணும்ங்கிறா. ஏழு நாள் தெரியாத ஊர்ல தங்குறது பத்திரமா இருக்குமா?

கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். தங்குமிடம் எது, கழிப்பறையும் தண்ணீரும் எங்கே, பெண் ஆசிரியர் இரவும் கூடவே தங்குகிறாரா, ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், ஊரில் பொறுப்பெடுக்கும் மகளிர் குழு எது. ஐந்துக்கும் பதில் சொல்ல முடியாத திட்ட அலுவலரோடு அனுப்ப வேண்டாம். சொல்ல முடிந்தால் தயங்காமல் அனுப்புங்கள். பிள்ளைகள் திரும்பி வரும்போது பேச்சே மாறியிருக்கும்.

முகாமை ஊருக்குள்ள போட்டா காலனி ஆளுங்க வர மாட்டேங்கிறாங்க. காலனியில போட்டா ஊர்க்காரங்க வர மாட்டேங்கிறாங்க. நாங்க என்னதான் செய்யறது?

இளம் திட்ட அலுவலர்கள் தணிந்த குரலில் கேட்கும் கேள்வி இது. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இதற்கு ஒழுங்கான பதில் இல்லை. நான் சரியென்று நினைப்பதைச் சொல்கிறேன்: முகாமை ஆதிதிராவிடர் குடியிருப்பில் போடுங்கள். சமையலும் அங்கே, மாணவர்கள் சாப்பிடுவதும் அங்கே. ஊர்ப்பக்கத்திலிருந்து மருத்துவ முகாமுக்கு இரண்டாம் நாள் நாலு பேர் வருவார்கள், நாலாம் நாள் நாற்பது பேர் வரலாம், வராமலும் போகலாம். ‘பொதுவான இடம்’ என்று சொல்லிக் கோயில் மண்டபத்தில் போட்டால் யாருக்குப் பொது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி இரண்டு தெருவும் வருகிற இடத்தில் இருந்தால் அதுவும் சரி.

துணைவேந்தர் இதில் எங்கே வருகிறார்? பிரச்சினை வெடிக்கும்போது. ஊர்ப் பெரியவர்கள் கல்லூரிக்குத் தொலைபேசி செய்வார்கள், அங்கிருந்து முதல்வருக்கு, முதல்வரிடமிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும். அந்த நேரத்தில் ‘முகாம் திட்டமிட்ட இடத்திலேயே நடக்கும்’ என்று மேலேயிருந்து ஒரு வரி வந்தால் இளம் ஆசிரியர் நிமிர்ந்து நிற்பார். ‘ஏன் வம்பு, இடத்தை மாத்திடுங்க’ என்று வந்தால் அடுத்த ஆண்டு அந்தக் குடியிருப்பின் பக்கம் யாரும் போகமாட்டார்கள். ஒரு துணைவேந்தரை எடைபோட எனக்கு இந்த ஓர் அளவுகோல் போதும்.

தனியார் பல்கலைக்கழகம் போடுற மெடிக்கல் கேம்ப் அவங்க ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கத்தானே?

பல நேரம் அதுவும் ஒரு காரணம். மருத்துவக் கல்லூரி அனுமதிக்கு நோயாளி எண்ணிக்கையைக் காட்ட வேண்டும். இலவச வேன் வைத்து அழைத்துப்போவது அதற்கும் சேர்த்துத்தான். அதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கண்புரை நீக்கிப் பார்வை திரும்பிய பாட்டியிடம் போய் நோக்கம் தூய்மையா என்று விவாதிக்க முடியாது.

பார்க்க வேண்டியது முகாமுக்கு அப்புறம் நடப்பதை. சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்தவரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைக்குப் பதிந்துவிடுகிறார்களா, தங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டை மட்டும் கொடுக்கிறார்களா? மூன்று மாதம் கழித்து அதே ஊருக்கு வந்தார்களா? இந்த இரண்டையும் கேட்டால் தெரிந்துவிடும்.

எல்லாம் நாக் கிரேடுக்காகப் போட்டோ எடுக்கிற வேலைதானே சார்?

கல்லூரி, பல்கலைக்கழகங்களைத் தரம்பார்க்கும் தேசிய அமைப்பு நாக். அதன் மதிப்பீட்டில் மூன்றாவது அளவுகோல் ஆராய்ச்சி, புதுமை, விரிவாக்கம். அதற்குச் சான்றாக இடமும் நேரமும் பதிந்த புகைப்படம் வேண்டும். ஆகவே போட்டோ எடுக்கத்தான் செய்வார்கள். ஒரே குழியில் வருடா வருடம் மரக்கன்று நடும் வேடிக்கையும் இதனால்தான். போட்டோ எடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. நட்ட கன்று உயிரோடு இருக்கிறதா என்று அடுத்த ஆண்டு அதே இடத்தில் இன்னொரு போட்டோ கேட்பாரில்லை என்பதில்தான் வருத்தம். அந்த இரண்டாவது படத்தைக் கேட்கத் துணைவேந்தருக்கு நாக்கின் அனுமதி வேண்டியதில்லை.

எம்.எல்.ஏ. மேடையில உட்கார்ந்தா அது கட்சிக் கூட்டம் ஆயிடாதா?

ஆகாது. அவர் அந்தத் தொகுதியின் பிரதிநிதி, அழைப்பது முறை. மற்றக் கட்சி உள்ளாட்சி உறுப்பினர்களையும் அதே அழைப்பிதழில் போடுங்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது யாரையும் மேடையேற்றாதீர்கள்.

ஒரு துணைவேந்தர் ஆர்வமா தொடங்குவாரு. மூணு வருஷத்துல போயிடுவாரு. அடுத்தவர் வந்து எல்லாத்தையும் மூடிடுவாரு. அப்புறம் எதுக்கு?

மூன்றாண்டுக் கணக்கு என்று தொடக்கத்தில் சொன்னது இதற்குத்தான். அடுத்தவர் மூட முடியாதபடி தொடங்குவது ஒரு தனித் திறமை. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா எஃப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியது, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. அப்போது துணைவேந்தர் இ. பாலகுருசாமி. அவருக்குப் பின் பலர் வந்து போய்விட்டார்கள், வானொலி நின்றுவிடவில்லை. அதற்கு உரிமம் இருந்தது, பல்கலைக்கழகத்தின் கல்வி ஊடக மையம் பொறுப்பில் இருந்தது, ஒரு சுற்றுவட்டாரமே கேட்டுக்கொண்டிருந்தது. மூடினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள்.

1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் மால்கம் ஆதிசேஷையா. யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டு வந்தவர், படிக்காதவர்களுக்கும் பல்கலைக்கழகம் கடன்பட்டிருக்கிறது என்று நம்பியவர். யுனெஸ்கோ பின்னாளில் எழுத்தறிவுக்கான சர்வதேசப் பரிசு ஒன்றுக்கே அவர் பெயரை வைத்தது. அவருக்கும் கிடைத்தது அதே மூன்றாண்டுதான். காலம் போதவில்லை என்று சொல்லும் துணைவேந்தர்களிடம் நான் இவரைத்தான் சுட்டிக்காட்டுவேன்.

ஒரு கருத்து சொல்லட்டுமா? புதிய துணைவேந்தர் முதல் ஆண்டில் புதுத் திட்டம் எதுவும் அறிவிக்காமல், முந்தையவர் விட்டுப்போனதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆட்சிக்குழுத் தீர்மானமாக்கினால் போதும். பெயர் கிடைக்காது. வேலை நிலைத்து நிற்கும்.

துணைவேந்தரே இல்லேன்னா? எங்க பல்கலைக்கழகத்துல நாற்காலி காலியா கிடக்கே.

இது கற்பனைக் கேள்வியில்லை. துணைவேந்தர் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் யார் இருக்க வேண்டும் என்று அரசுக்கும் ஆளுநருக்கும் ஒத்துப்போகாததால் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் ஓடின. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் நீண்ட காலம் ஒருங்கிணைப்புக் குழுதான் நிர்வாகம் பார்த்தது. இப்படிப்பட்ட குழுவுக்கு வழக்கமாக உயர்கல்வித் துறைச் செயலர் தலைவராக இருப்பார். அவருக்குக் கோட்டையிலேயே ஆயிரம் வேலை.

குழு, சம்பளத்தையும் தேர்வையும் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளும். புதிதாகப் பணம், பதவி, பாடம் எதையும் உருவாக்கத் தயங்கும். ஆகவே அந்தக் காலத்தில் ஏற்கெனவே ஒப்புதல் உள்ளதை மட்டும் கேளுங்கள். துறைத்தலைவர் மட்டத்தில் முடிகிற வேலையாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர் போர் தண்ணி வாயில வைக்க முடியல. பல்கலைக்கழகத்துல கேட்டா செய்வாங்களா? எப்படிக் கேக்கறது?

செய்வார்கள், எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. குழாய் போடச் சொன்னால் கையை விரிப்பார்கள், அது அவர்கள் வேலையுமல்ல. ஊரில் உள்ள எல்லாக் கிணறு, போர் தண்ணீரையும் பரிசோதித்து, எது குடிக்கலாம், எது கூடாது என்று வரைபடம் போட்டுத் தரச் சொல்லுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை. ஃபுளோரைடு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உள்ளவர்கள் ஃபுளோரைடைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். உப்பு மாதிரி அது நாக்கில் தெரியாது, பிள்ளைகளின் பல்லில்தான் தெரியும். இந்த அறிக்கை கையில் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்திடம் உங்கள் மனுவுக்கு எடை கூடும்.

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருந்தாலும் பரவாயில்லை. கடிதத்தைத் துணைவேந்தர் பெயருக்கு எழுதி, பதிவாளர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வேதியியல் துறைத்தலைவருக்கு ஒரு நகல், நாட்டு நலப்பணித் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு நகல். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஊரில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கைபேசி எண் கட்டாயம். நல்ல மனுக்கள் பல இது இல்லாமலே கோப்பில் தூங்குகின்றன.

கொடுத்தாச்சு சார். ரெண்டு மாசமா பதிலே இல்லை.

முதலில் அந்தத் துறைத்தலைவரை நேரில் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடியும். முடியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகம் அதற்குக் கட்டுப்பட்டது. பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு மனு: இந்தத் தேதியில் கொடுத்த எங்கள் கடிதம் இப்போது யார் மேசையில், என்ன குறிப்போடு இருக்கிறது, குறிப்பேட்டின் நகல் தேவை. ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள், அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதே பல்கலைக்கழகத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம். மனு போட்டதும் கடிதம் தேடப்படும். தேடிக் கிடைத்த கடிதத்தோடு யாராவது உங்களைக் கூப்பிட்டால் பழசையெல்லாம் பேசிக்கொண்டிருக்காமல், தண்ணீர் எடுக்க எந்தக் கிழமை வருகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.